வேலியைக் குடித்த பூச்சி

இரண்டு பக்கமும் வேலி ஓடிய எங்கள் ஒழுங்கைக்கு வெண்மூட்டுப்பூச்சி வந்த வருடம் முதலில் காணாமற்போனது தவமணியின் ஆட்டுச் சண்டை. அது லேசுப்பட்ட சண்டை இல்லை. தவமணியின் மாமியார் தொடங்கி வைத்து, தவமணி கலியாணம் கட்டி வந்தபோது வீட்டுத் திறப்புக் கோர்வையோடு சேர்த்துப் பொறுப்பேற்று, ஆடு செத்து, ஆட்டின் பேரக்குட்டிகளும் செத்து, ஆட்டுக்குக் கல்லெறிந்த மனிசனும் செத்துப்போன பிறகும், ஒவ்வொரு நாளும் பல்லுத் தீட்டின கையோடு வேலியடிக்குப் போய் அவள் நடத்திவந்த சண்டை. அன்றைக்கும் போனாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

"நான் என்னத்துக்கு இஞ்சை வந்தனான்?" என்று வேலியைப் பார்த்துக் கேட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வழக்கம்போல் பதிலோடு நின்ற இரத்தினேஸ்வரி, தன் வாயையும் ஒருதரம் துழாவிப் பார்த்துவிட்டு, "எனக்கும் தெரியேல்லையடி. வந்தனீ வந்திட்டாய், நிண்டு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாள்.

இதைக் கேட்ட ஒழுங்கை நடுங்கிப்போனது.

மதிலுக்குள் பிறந்து மதிலுக்குள் வளர்ந்தவர்களுக்கு வேலி என்றால் என்னவென்று சொல்லித்தான் ஆகவேண்டும். பூவரசிலும் கிளுவையிலும் சீமைக்கிளுவையிலும் கை மொத்தத்தில் ஒரு தடியை வெட்டி, அலவாங்கால் கிடங்கு போட்டு நட்டால் அதற்குக் கதியால் என்று பெயர். மழை விழ அது துளிர்க்கும், பிறகு மரமாகும், மரங்களை வரிசையாக இணைத்துத் தென்னோலைக் கிடுகு கட்டினால் வேலி. வருடத்துக்கு ஒருக்கால் கிடுகு மாற்றும்போது இந்தப் பக்கத்தான் ஒரு கதியாலை அந்தப் பக்கம் ஒரு விரற்கடை தள்ளி நடுவான், அடுத்த முறை அந்தப் பக்கத்தான் அதை இரண்டு விரற்கடை இந்தப் பக்கம் தள்ளி நடுவான், இப்படியே எங்கள் ஊரில் மரங்கள் நடந்து பழகியிருந்தன. அப்படி நடக்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் எழும்பிய பேச்சை வேலி வேரால் அல்ல, இலையால் குடித்துக்கொண்டது. இதில் எவருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை. வசவு பூவரசில் நிற்கும், குத்தல் கதை கிளுவையில் நிற்கும், சீமைக்கிளுவை பிந்தி வந்த மரம் என்பதால் அதில் வெறும் ஊர்வம்புதான் தங்கும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். காலையில் வேலியடிக்குப் போய் நின்றால் முதல் நாள் விட்ட இடத்திலிருந்து சண்டை தானாக வாயில் வரும். அதனால்தான் எங்கள் ஊரில் ஒருவரும் எதையும் மறந்ததில்லை, மன்னித்ததுமில்லை.

நான் பல பனிக்காலங்களை வேறொரு நாட்டில் கழித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தேன். அங்கே இரண்டு வீட்டுக்கு நடுவில் புல் இருந்தது, புல்லுக்கு நடுவில் ஒன்றும் இருக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரனின் பெயரை அவன் வீட்டை விற்றுவிட்டுப் போன நாளில்தான் அறிந்துகொண்டேன். ஆகவே ஊரில் என்னை மறந்திருப்பார்களோ என்ற பயத்தோடு வந்தவனை, பெட்டி இறக்க முதலே என் தகப்பனார் நகர்த்திய ஒரு கதியாலுக்காக வலது பக்க வீட்டார் ஏசினபோது, நெஞ்சு நிறைந்து நின்றேன்.

அப்படிப்பட்ட வேலிகளுக்குத்தான் பூச்சி வந்தது. முதலில் பூவரசின் இளந்தண்டில் யாரோ பஞ்சைப் பிய்த்து ஒட்டினதுபோல் வெள்ளையாய் ஒரு புள்ளி, பிறகு இலையின் அடிப்பக்கம் முழுக்க மா பூசினதுபோல் ஒரு படை, தொட்டால் விரலில் ஒட்டும், நசித்தால் மஞ்சளாய் ஒரு நீர் வரும். ஊசிபோன்ற வாயைத் தண்டில் குத்தி வைத்துக்கொண்டு, எழும்பாமல், அசையாமல், சாப்பாட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அது பாட்டுக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தது. சாற்றோடு சேர்த்துச் சண்டையையும் உறிஞ்சியது. உறிஞ்சியது மிஞ்சி இனிப்பாய்ச் சொட்ட, அந்த இனிப்பில் கரி படர்ந்து இலையெல்லாம் அடுப்படிச் சுவர்போல் கறுக்க, இனிப்பை நக்க வந்த எறும்புகள் நக்கி முடித்த பிறகு வீட்டுக்குப் போகாமல் கதியாலுக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசையாய் நின்று, மீசையை ஆட்டி ஆட்டி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. நடுவில் உறைந்து கிடந்த இனிப்புக் கட்டியை இரண்டு பகுதியும் தொடவில்லை. தொட்டால் உரிமை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று அவற்றுக்கும் விளங்கிவிட்டிருந்தது.

மனிதர்களின் நிலைமைதான் பரிதாபம். ஆட்டுச் சண்டைக்குப் பின்னால் கிணற்றுச் சண்டை போனது, பனங்காய்ச் சண்டை போனது, செத்தவீட்டுக்கு வராத சண்டை போனது. சனம் வேலியடியில் வந்து நின்று, ஆளையாள் பார்த்துச் சிரித்து, சிரித்ததற்கு வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. அதைவிட மோசம், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வட்ஸ்அப்பில் எடுத்து "அம்மா, என்ன புதினம்?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. "ஒண்டுமில்லை மோனை, எல்லாரும் நல்ல சனம்" என்று ஒரு தாய் சொல்ல, மகள் அங்கே அழுது, அம்மாவுக்கு மூளையில் ஏதோ என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் அறிவித்து, மூன்று கண்டங்களிலிருந்து தைலமும் விற்றமினும் வந்து இறங்கின. காணி வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவர் காரில் வந்து ஒழுங்கையின் தொங்கலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வேலிகளை நெடுநேரம் துக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வேலி மட்டும் பச்சையாய் நின்றது. அது நகுலேஸ்வரியின் வேலி. சரியாகச் சொன்னால், நகுலேஸ்வரிக்கும் அருந்தவத்துக்கும் இடையில் நின்ற வேலியின் நகுலேஸ்வரிப் பக்கம். வாளியில் சவர்க்காரத் தண்ணீரும் கையில் ஒரு சீலைத் துண்டுமாய், இலையைத் திருப்பித் திருப்பி, குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய புருசன் குலசிங்கம் தபாற்கந்தோரில் தந்தி அடித்தவர். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்ற உத்தியோகத்தில் இருந்து பழகி, வீட்டிலும் அவர் சொல்லை எண்ணித்தான் செலவழித்தார். "தண்ணி." "படலை பூட்டு." "நாளைக்குக் கொழும்பு." மகன் பிறந்த அன்று "சந்தோசம்" என்றார், அது அவர் அடித்த ஆடம்பரமான தந்தி என்று ஊரில் ஒரு கதை. ஆனால் அந்த மனிதர் வேலியடிக்குப் போய்விட்டால், அருந்தவத்தின் தகப்பன் நகர்த்திய கதியாலையும் அதனால் தன் வளவில் குறைந்துபோன ஒரு சாண் நிலத்தையும் பற்றித் தொடங்கிவிட்டால், அடைமொழியும் உவமையும் ஆகவேயும் எனவேயுமாய் மழைக்கால வாய்க்கால்போல் பேசுவார். நகுலேஸ்வரி அடுப்படியில் கறியைக் கருகவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். கலியாணம் கட்டின நாள்முதல் அவள் அந்த மனிதரை அறிந்தது அப்படித்தான், வேறொருவனுக்கு விழுந்த பேச்சின் ஓரத்தில் நின்று. எல்லாம் பேசி முடித்து, செருமி, வேலிக்கு முதுகைக் காட்டித் திரும்பும்போது மட்டும் அவளுக்கென்று ஒரு வசனம் வரும்: "சரி நகுலா, சோத்தைப் போடு." அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு வசனத்தில்தான்.

குலசிங்கம் இறந்த பிறகு சண்டையை அவள் எடுத்து நடத்தினாள். ஒவ்வொரு பின்னேரமும் வேலியடியில் நின்று அருந்தவத்தை ஏசுவாள், ஏச ஏச, பூவரசு குடித்து வைத்திருந்த குலசிங்கத்தின் வசனங்கள் அவரது செருமலோடும் "விளங்குதோ?" என்ற முடிவோடும் அவள் காதில் எழும்பி வரும்.

"படத்திலை முகம் கிடக்கு," என்று வாசிகசாலைக் கமிற்றி விசாரிக்க வந்தபோது அவள் சொன்னாள். "குரல் உந்த வேலியிலைதான் கிடக்கு. பூச்சி குடிச்சால் எனக்கு ரெண்டாந்தரம் செத்தவீடு."

கமிற்றித் தலைவர் சபாரத்தினம் மாஸ்ரர் இதைக் குறித்துக்கொண்டு, உணர்ச்சி சார்ந்த விடயங்கள் அடுத்த கூட்டத்தில் எடுக்கப்படும் என்றார்.

துடைத்தும் என்ன, அவளால் துடைக்க முடிந்தது ஒரு பக்கத்தைத்தான். மற்றப் பக்கத்தில் அருந்தவம் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓட்டத்தில் கலியாணம் கட்ட நேரம் கிடைக்காதவர், நின்று பேசினால் பின் சீற்றுக்குக் கேட்கும் தொண்டை. அவருடைய பக்கத்தில் பூச்சி பந்தல் போட்டிருந்தது. நகுலேஸ்வரி கிடுகின் நீக்கலால் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஏசாமல் கூப்பிட்டாள்.

"அருந்தவம்! உன்ரை பக்கத்தையும் ஒருக்கால் துடையன்."

"அதுக்கென்ன நகுலக்கா, துடைச்சாப் போச்சு."

அவள் நீக்கலோடு முகத்தை ஒட்டினாள். "என்னெண்டு கூப்பிட்டனீ?"

"அக்கா எண்டு. ஏன், பிழையே?"

"நேற்றுவரைக்கும் என்னை என்னெண்டு சொன்னனீ?"

அருந்தவம் யோசித்தார். நெற்றியைச் சொறிந்தார். "வேறை என்னெண்டு சொல்லுறது? நல்ல மனிசி நீங்கள்."

"எட விசரா, என்னோடை மரியாதையாக் கதையாதை! நான் உன்னைப் பெத்த கொப்பரைக் கள்ளன் எண்டு சொன்னனான். ஞாபகமில்லையே?"

"சொல்லியிருப்பியள். அவரிலை ஏதும் பிழை இருந்திருக்கும்" என்றார் அருந்தவம், முகமெல்லாம் அன்பாக.

நகுலேஸ்வரி வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்தினாள். சண்டைக்கு ஆள் இல்லாத வேலியில் குரல் எப்படி எழும்பும்? அன்றைக்குப் பின்னேரம் அவள் தனிய ஏசிப் பார்த்தாள். செருமல் மட்டும் கேட்டது, அதுவும் தூரத்தில், கந்தோர்க் கதவுக்கு அந்தப் பக்கம்போல.

கடைசியில் கமிற்றி கூட்டம் வைத்தது. விவசாயப் போதனாசிரியர் கௌதமி மிஸ் ஸ்கூட்டியில் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்து, பூச்சியைப் பற்றி அழகாக விளக்கினாள். சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கோ, அல்லது வேப்பெண்ணெய் கலந்து தெளியுங்கோ. கண்ட கண்ட நஞ்சை அடிக்காதையுங்கோ, பொறிவண்டு செத்துப்போகும், பொறிவண்டுதான் இதைத் தின்கிறது. எறும்பை ஏற விடாதையுங்கோ, எறும்புதான் இதைக் காவிக்கொண்டு திரிகிறது. மோசமாய்ப் பிடித்த கொப்புகளை வெட்டி அவரவர் வளவுக்குள்ளேயே அழித்துவிடுங்கோ, வெளியில் இழுத்துக்கொண்டு போகாதையுங்கோ.

"மிஸ், மறதிக்கு என்ன மருந்து?" என்று தவமணி கேட்டாள்.

"அது எங்கடை பகுதிக்கு வராது அம்மா. இலையிலை உள்ளதுதான் நாங்கள். மனிசருக்குள்ளை உள்ளது சுகாதாரம்."

கௌதமி மிஸ் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிழை "அவரவர் வளவுக்குள்ளேயே" என்ற சொல்லை எங்கள் ஊருக்குச் சொன்னதில் இருந்தது. சண்டைகளைத்தான் பூச்சி குடித்திருந்தது, சந்தேகத்தைக் குடிக்கவில்லை. அது இன்னும் ஆழத்தில், வேரில் நின்றது.

"அவரவர் வளவுக்குள்ளை எண்டால், மற்றவன் வெட்டினானோ இல்லையோ எண்டு ஆர் பாக்கிறது?" என்றார் ஒருவர்.

"நான் வெட்டி எரிக்க, பக்கத்து வீட்டான் பேசாமல் இருந்திட்டால், அவன்ரை வேலி மரம், என்ரை வேலி மொட்டை."

"மொட்டை வேலியை நகர்த்துறது சுகம் கண்டியளோ."

ஆகவே ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது: பூச்சி பிடித்ததோ பிடிக்காததோ, எல்லா வேலிகளும் சரிசமமாக வெட்டப்பட்டு, எல்லாக் கொப்புகளும் எல்லோரும் பார்க்க வாசிகசாலை வளவில் ஒரே குவியலாகப் போட்டுக் கொளுத்தப்படும். கௌதமி மிஸ் வேண்டாம் என்று சொன்னது கூட்டக் குறிப்பில் "நன்றியுரை" என்ற தலைப்பின் கீழ் பதிவானது.

நகுலேஸ்வரி வேலிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்று பார்த்தாள். "இந்தப் பக்கம் ஒரு பூச்சி காட்டுங்கோ பாப்பம்!" என்றாள்.

"அதுதான் அக்கா பிரச்சினை," என்றார் சபாரத்தினம் மாஸ்ரர். "உங்கடையை விட்டால், உங்களுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும். அது சமத்துவமில்லை."

மத்தியானத்துக்குள் வேலி முழங்கை மூளிபோல் நின்றது. அவள் கடைசிக் கொப்புக்கட்டைத் தன் கையாலேயே இழுத்துக்கொண்டு வாசிகசாலைக்குப் போனாள். பிணத்தைத் தனிய விடுகிறதில்லையே.

குவியல் பனை உயரம் இருந்தது. நான்கு பக்கமும் ஊர் நின்றது, மற்றவன் தன் கொப்பில் ஒன்றையேனும் ஒளித்துக் கொண்டு போகிறானா என்று பார்ப்பதற்காக நெருக்கி நின்றது, சபாரத்தினம் மாஸ்ரர் படம் எடுக்க வசதியாக எல்லோரையும்விட நெருக்கி நின்றார். பச்சைக் கொப்பு ஆனபடியால் தீ எழும்பாமல் புகைதான் எழும்பியது. வெள்ளையாய், தடிப்பாய், இனிப்பாய், கொஞ்சம் காரமாய் ஒரு புகை. பூச்சிகள் வெடிக்கும் சத்தம் பொரி பொரிகிறதுபோல் கேட்டது. காற்று ஒரு பக்கமாய் அடிக்காமல் சுற்றிச் சுற்றி அடித்தது. ஊர் முழுக்க இருமியது. இருமி முடித்து மூச்சை உள்ளே இழுத்தது.

தலைமுறை தலைமுறையாய் வேலி குடித்து, வேலியிலிருந்து பூச்சி குடித்த அவ்வளவும் அந்த மூச்சில் உள்ளே போனது. ஆனால் புகைக்கு விலாசம் தெரியாது.

முதலில் இரத்தினேஸ்வரி திரும்பி, வாழ்நாளில் சைக்கிள் ஏறியிராத தவமணியைப் பார்த்து, "இரவல் வாங்கின சைக்கிளைச் சில்லு நெளிச்சுத் தந்த மூதேசி!" என்றாள். தவமணி அவளைக் கவனிக்கவில்லை. அவள் கோயில் ஐயரைப் பிடித்து, அவருடைய மாமி தன்னையும் தன் பேத்தியையும் சாமத்தியவீட்டுச் சடங்குக்குக் கூப்பிடாத விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தவமணிக்குப் பேத்தி இல்லை. ஐயருக்கு மாமி இல்லை. ஆனால் இருவரும் குரல் கம்ம வாதாடினார்கள், ஐயர் கூப்பிடாததற்குப் பொருத்தமான ஒரு காரணமும் சொன்னார். கௌதமி மிஸ் ஒரு கிணற்றுப் பங்குச் சண்டையை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு பட்டினத்துக்குப் போய், குழாய்த் தண்ணீர் வருகிற தன் போர்டிங்கில் வீட்டுக்கார அம்மாவோடு துலாவின் உரிமை யாருக்கு என்று தொடங்கினாள் என்று கேள்வி. சபாரத்தினம் மாஸ்ரர், நெருக்கி நின்ற பாவத்துக்கு, ஆட்டுச் சண்டையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து இழுத்துவிட்டார், தன் முற்றத்தில் கிழக்கே நின்று கல்லெறிந்து, மேற்கே ஓடிப்போய் "ஆர் எறிஞ்சது?" என்று கேட்டு, மறுபடி கிழக்கே வந்து "நான்தான், என்னடா செய்வாய்?" என்று பதில் சொல்லி, பாவம், வயதான காலத்தில் மெலிந்துபோனார்.

ஊர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. சண்டை இல்லாமல் இருந்த நாட்களின் பயங்கரம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. யாருடையதாயிருந்தால் என்ன, வாய்க்கு ஏதோ வந்ததே என்று ஆறுதல்பட்டது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் புதினம் கிடைத்தது. சட்டத்தரணி திரும்பி வந்தார், முகம் மலர்ந்து. வாசிகசாலைச் சுவரில் "வெண்மூட்டுப்பூச்சி முற்றாக ஒழிக்கப்பட்டது" என்று பலகை அடித்து, அதற்கு ஒரு செம்பருத்தி மாலையும் போட்டார்கள். மாலையில் வெள்ளையாய் ஒன்றிரண்டு புள்ளி இருந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. பலகைக்கு மேலே சொல்ல நான் யார்?

நகுலேஸ்வரி மட்டும் ஒழுங்கை ஒழுங்கையாய் நடந்தாள். எங்கே சத்தம் கேட்டாலும் படலையடியில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்பாள். பனங்காய்ச் சண்டை, தேங்காய்ச் சண்டை, சீதனச் சண்டை. எவர் வாயிலும் அவருடைய செருமல் இல்லை. "ஆரின்ரை சண்டையைத் தேடுறியள்?" என்று கேட்டவர்களுக்கு, "இவரின்ரை" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். தந்திக்காரர் பெண்சாதிதானே. புகை முழுவதையும் மனிதர்தான் இழுத்தார்கள் என்று என்ன நிச்சயம்? அவருடைய பங்கு ஏதாவது காகத்துக்குப் போயிருக்கலாம், வானத்துக்குப் போயிருக்கலாம். அப்படித்தான் எண்ணிக்கொண்டு ஒரு பின்னேரம் வீட்டுக்குத் திரும்பி, மூளி வேலிக்கு முன்னால் கால் ஓய்ந்து நின்றாள்.

மற்றப் பக்கத்தில் அருந்தவம் வந்து நின்றார். சாரத்தை மடித்துக் கட்டினார். செருமினார்.

"அருந்தவம்!" என்றார், நகுலேஸ்வரியின் முகத்தைப் பார்த்து. "உன்ரை கொப்பர் களவாய் நகர்த்தின கதியாலை, மாரிக்காலத் தவளை கிணத்தைக் காவல் காக்கிறதுபோலை நீ காவல் காத்துக்கொண்டிருக்கிறாய். ஆகவே சொல்லுறன், அந்த ஒரு சாண் நிலம் என்ரை பரம்பரை நிலம். விளங்குதோ?"

நகுலேஸ்வரி மரக்கட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். தொண்டை அருந்தவத்தின் தொண்டைதான், பின் சீற்றுக்குக் கேட்கிற தொண்டை. ஆனால் அந்த "ஆகவே", அந்தத் தவளை, அந்த "விளங்குதோ" எல்லாம் அவர். அருந்தவம் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். முகம் மெல்ல மெல்ல வெறுமையாகத் தொடங்கியது. சண்டை என்பது இரண்டு பேர் இழுக்கிற கயிறு. ஒரு பக்கம் விட்டால் மற்றப் பக்கம் விழுந்துபோகும்.

பதில் அவளுக்குத் தெரியும். கறியைக் கருகவிட்டுக் கேட்டிருந்தவளுக்கு இரண்டு பக்கமும் மனப்பாடம். ஆனால் அதைச் சொன்னால், குலசிங்கம் தொண்டை நோகக் கேட்ட அந்தச் சாண் நிலத்தை அவருடைய பெண்சாதியே, அவருடைய வளவுக்குள் நின்று, இல்லையென்று சொல்கிறவளாவாள். சொல்லாவிட்டால் அவர் போய்விடுவார். அவள் ஒருதரம் கண்ணை மூடினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"கொப்பர் கிப்பர் எண்டு கதைக்காதை!" என்றாள் உரக்க. "ரிக்கற் எடுத்தவன்தான் சீற்றிலை இருக்கலாம். உந்தச் சாண் எங்கடை அப்பு ரிக்கற் எடுத்த சீற்! உனக்கு அதிலை ஒரு விரற்கடையும் இல்லை!"

அருந்தவத்தின் முகம் மலர்ந்தது. "கேட்டியளே நியாயத்தை!" என்று தொடங்கினார், எனவேயும் உவமையுமாய், மழைக்கால வாய்க்கால்போல்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அது நடந்தது. அருந்தவம் தன் நிலத்தைக் குலசிங்கத்துக்குக் கொடு என்று தனக்கே ஏசுவார். நகுலேஸ்வரி தன் நிலம் அருந்தவத்துடையது என்று அருந்தவத்துக்கே அடித்துச் சொல்வாள். ரொறன்ரோவிலிருந்து மகன் ரமணன் அறிந்து பதறிப்போனான். "அம்மா, சனம் சிரிக்குது. மதில் கட்டுங்கோ, காசு அனுப்புறன்" என்றான். அவள் பதில் சொல்ல முதலே மேசன் வந்துவிட்டார், நூலும் தடியுமாய். மதில் ஒன்றையும் குடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். அவள் மேசனைத் திருப்பி அனுப்ப வழி தேடிக்கொண்டு நிற்க, மேசன் தானாகவே கேட்டார், நூலை எங்கே பிடிக்கிறது என்று.

"இந்தப் பக்கம் தள்ளிப் பிடி," என்றார் அருந்தவம், தன் வளவைக் காட்டி. "ஒரு சாண் உள்ளுக்கு. அது குலசிங்கத்தின்ரை நிலம்."

"ஒருக்காலும் இல்லை," என்றாள் நகுலேஸ்வரி. "நிண்ட இடத்திலையே பிடி. அது அருந்தவத்தின்ரை."

மேசன் நூலை இங்கே பிடித்து, அங்கே பிடித்து, கடைசியில் சுருட்டிச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார். "'எனக்கு வேணும்' எண்டு அடிபட்ட காணியளுக்கு மதில் கட்டியிருக்கிறன். 'எனக்கு வேண்டாம்' எண்டு அடிபடுற காணிக்கு அத்திவாரம் வெட்ட எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

மழை விழுந்தது. மூளிக் கதியால்கள் துளிர்த்தன, வாசிகசாலைப் பலகையைப் பற்றி ஒன்றும் அறியாத பூச்சி துளிரில் வந்து உட்கார்ந்தது. நகுலேஸ்வரி வாளியோடு வந்தாள். மற்றப் பக்கத்தில் அருந்தவமும் ஒரு வாளியோடு வந்தார். ஏன் துடைக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, சீலைத் துண்டைப் பிழிந்து, இலையைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டே ஏசினார், அவளும் துடைத்துக்கொண்டே ஏசினாள். பொறிவண்டுகள் சில வந்து இரண்டு பக்கமும் பாராமல் தின்றன.

அப்படி ஒரு பின்னேரம் எல்லாம் பேசி முடித்து, அருந்தவம் செருமி, வேலிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இரண்டு அடி வைத்தார். நின்றார்.

"சரி நகுலா, சோத்தைப் போடு" என்றார்.

அவருக்கு அது தன் வாயிலிருந்து வந்தது தெரியவில்லை. அப்படியே தன் அடுப்பு மூட்டாத வீட்டை நோக்கிப் போய், வாசற்படியில் குந்தினார்.

நகுலேஸ்வரி வாளியை வேலியோடு வைத்தாள். ஒழுங்கை முழுக்கத் தன் தன் வேலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும், நானும் நின்றேன். அவள் உள்ளே போனாள். சோற்றைப் போட்டாள், பருப்பை விட்டாள், கத்தரிக்காய்ப் பால்கறியை ஓரத்தில் வைத்தாள். வேலியில் மிஞ்சின கிடுகை விலக்கி, ஆட்கள் புகுந்து போய்வர முந்தி இருந்து, சண்டை தொடங்கின வருடம் அடைக்கப்பட்ட பொட்டைக் கையாலே பிய்த்துத் திறந்து, சோற்றுக் கோப்பையை அந்தப் பக்கம் நீட்டினாள்.

அருந்தவம் வந்து வாங்கினார். நின்றபடியே குழைத்தார். ஒரு வாய் வைத்தார். குலசிங்கம் அந்த வீட்டில் சாப்பிட்ட காலம் முழுக்கச் சோற்றைப் பற்றி நல்லதென்றோ கெட்டதென்றோ ஒரு சொல் செலவழித்ததில்லை. போட்டதைத் தின்று கோப்பையைக் கழுவி வைப்பார்.

"உப்புக் காணாது" என்றார் அருந்தவம்.

இந்த வசனம் எந்த வேலியிலும் இருந்ததில்லை, எந்தப் புகையிலும் வந்ததில்லை. நகுலேஸ்வரி பொட்டுக்குள்ளால் அந்த மனிதரை, வாயில் சோற்றோடு நின்ற அருந்தவத்தை, முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"உப்புக் காணாதோ?" என்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "எட கண்டறியாதவனே, உனக்குச் சோறு போட்டதே பெரிசு!"

பக்கத்தில் நின்ற பூவரசு இலை ஒன்றை மெல்லத் திருப்பிக்கொண்டது.